வானத்தின் மெய்ப்பாடும் பறவையின் அச்சமும்

யூபிலி மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் வேண்டியபோது, தமிழாசிரியனாகிய என்னிடமிருந்து சங்க இலக்கியம் பற்றியோ சைவமும் தமிழும் வளர்த்த பெரியார் ஒருவர் பற்றியோ ஏதேனும் வரும் என்றே அவர்கள் எதிர்பார்த்திருப்பர். நிழற்படக் கலையைப் பற்றி எழுதப் போகின்றேன் என்றதும் அவர்களுள் ஒருவர் என்னை ஏற இறங்க நோக்கினார். காரணம் உண்டு. யூபிலி விழாவையொட்டி நிகழவிருக்கும் நிழற்படக் கண்காட்சிக்குப் பழைய மாணவர்களிடமிருந்தும் இந்நாள் மாணவர்களிடமிருந்தும் படங்கள் வந்த வண்ணம் உள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை இரண்டே பொருள் பற்றியன: ஒன்று மாரிகால வானம், மற்றது எம் பரவைக்கடல்களில் வந்திறங்கும் பறவைகள். தெரிவுக்குழுவிலே எனக்கும் ஓர் இடம் தந்துள்ளனர். எத்தகைய படத்தை யான் நல்ல படமெனக் கொள்வேன், எதனைக் கொள்ளேன் என்பதை முன்கூட்டியே வெளிப்படச் சொல்லிவிடுதல் நேர்மை எனத் தோன்றிற்று. மாறுபடுவோர் தாராளமாக மாறுபடுக.

முதலில் வானத்தை எடுத்துக்கொள்வோம். எமது குடாநாட்டில் மலை இல்லை. ஆறென்று சொல்லத்தக்கதும் மாரியில் மட்டும் நீரோடும் வழுக்கையாறு ஒன்றே. கண்ணுக்கெட்டிய தூரம் பனையும் வெளியும் கடனீரேரியுமாகத் தட்டையாய்க் கிடக்கும் இந்நிலத்திலே, கமராவை எத்திசையில் திருப்பினும் படச்சட்டத்தின் முக்காற்பங்கை வானமே நிரப்பிவிடுகின்றது. மலைநாட்டார் தம் படத்துக்கு மலைச் சிகரத்தைத் தேடுவர். எமக்கு முகிலே சிகரம். இதனைக் குறையெனக் கருதி, வெளிநாட்டு நாட்காட்டிகளிற் காணும் மலையும் அருவியும் எமக்கு வாய்க்கவில்லையே என ஏங்கும் மாணவரை யான் கண்டதுண்டு. வானம் முழுவதையும் தொடுவானம்வரை தடையின்றிக் காணும் பேறு உலகில் எல்லார்க்கும் கிடைப்பதன்று.

ஆனால் எல்லா மாதத்திலும் அவ்வானம் பேசுவதில்லை. வைகாசி தொடக்கம் சோளகம் வீசும் காலத்தில் வானம் தூசு படிந்து வெளிறிக் கிடக்கும். நண்பகலில் எடுத்த படமோ சுண்ணாம்புச் சுவர் போல இருக்கும். புரட்டாசிக் கடைசியிற் காற்று ஓய்ந்து புழுக்கம் மிகும். ஐப்பசியிற் பிற்பகல்தோறும் இடிமுகில் கோபுரமாய் எழும். கார்த்திகையும் மார்கழியும் வாடையோடு மழை கொண்டுவரும் மாதங்கள். அப்போது வானம் ஒரு நாளிற் பத்து முகம் காட்டும். கார்காலத்தை ஆவணி புரட்டாசி எனத் தொல்காப்பிய மரபு வகுத்திருப்பினும், எம் நாட்டுக் கார் சற்றுப் பிந்தியே வருகின்றது. அதற்கு ஈடாகவே போலும், வானம் கறுக்கும் அதே மாதங்களில் மத்திய ஆசிய வலசைப் பாதை வழியே வடபுலத்துப் பறவைகளும் எம்மிடம் வந்து சேர்கின்றன. ஊசிவால் தாராவும் உள்ளான் வகைகளும் பூநாரையும் சுண்டிக்குளத்திலும் ஆனையிறவிலும் மண்டைதீவுக் கரையிலும் மன்னார் வங்காலையிலும் கூடுவன இக்காலத்திலேயே. ஆதலின் வானத்தையும் பறவையையும் ஒருங்கே பிடிக்க விரும்புவார்க்கு எம் வட்டாரத்தைப் போல் வாய்ப்பான இடம் அரிது.

வானத்துக்கு முகம் உண்டு என்பதை நிழற்படக் கலை தன் இளமையில் அறியாதிருந்தது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1850களில் வழங்கிய கொலோடியன் கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிக விரைவிற் பற்றிக்கொண்டன. பச்சைக்கு மந்தமாயும் சிவப்புக்குக் குருடாயும் இருந்தன. நிலமும் மரமும் பதியும்வரை காத்திருந்தால் வானம் வெந்து வெறும் வெள்ளையாகிவிடும். வானத்துக்காக விரைந்து மூடினால் நிலம் இருண்டுவிடும். பிரான்சு தேசத்துக் குஸ்தாவ் லெ கிறே என்பார், 1856ஆம் 1857ஆம் ஆண்டுகளில் எடுத்த கடற்படங்கள் சிலவற்றிலே, கடலுக்கு ஒரு தகடும் வானத்துக்கு வேறொரு தகடுமாக எடுத்து இரண்டையும் ஒரே தாளிற் பதித்து இவ்விடர்ப்பாட்டைக் கடந்தார். எல்லா நிற ஒளியையும் உணரும் தகடுகள் இங்கிலாந்தில் 1906ஆம் ஆண்டிலே விற்பனைக்கு வந்தபின் அச்சூழ்ச்சிக்குத் தேவை குறைந்தது. மஞ்சட் கண்ணாடியை வில்லையின் முன் வைத்தால் நீலவானம் சற்று இருண்டு வெண்முகில் எழுந்து நிற்கும். சிவப்புக் கண்ணாடியை வைத்தால் வானம் கரிய திரையாகவே மாறும். அமெரிக்கரான ஆன்சல் அடம்ஸ் 1927ஆம் ஆண்டிலே யொசெமிற்றி மலையின் பாறைமுகம் ஒன்றை முதலில் மஞ்சட் கண்ணாடி கொண்டு எடுத்து, அதில் நிறைவுறாது, எஞ்சியிருந்த ஒரே தகட்டைச் சிவப்புக் கண்ணாடி கொண்டு எடுத்தார் என்பது இக்கலை பயில்வோர் அனைவரும் அறிந்த செய்தி. கண் கண்ட வானிலும் கரிய வானம் அது. எனினும் அப்பாறையின் மேல் அந்நேரத்தில் நின்ற அதே வானம் என்பதை மறத்தல் ஆகாது.

இங்கேதான் யான் ஒரு கோடு கிழிக்க விரும்புகின்றேன். 2020ஆம் ஆண்டிலிருந்து புகழ்பெற்ற படத்திருத்த மென்பொருள் ஒன்றிலே, பிடிக்காத வானத்தை நீக்கிப் பிடித்த வானத்தை வைக்கும் வசதி ஒரு பொத்தானிற் கிடைக்கின்றது. லெ கிறே செய்ததையே யாமும் செய்கின்றோம் என இளைஞர் வாதிடுவர். அவர் வேறு வழியின்மையாற் செய்தார். எமக்கு வழி இருக்கின்றது. இல்லாதது பொறுமை மட்டுமே. தமிழ் கற்பிப்போர்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் செல்லரித்த ஏடுகளை ஒப்புநோக்கித் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885ஆம் ஆண்டில் அச்சேற்றியபோது, மங்கிய எழுத்தைத் தெளிவுறுத்தினார். பிழைபட்ட பாடத்தைத் திருத்தினார். இல்லாத சூத்திரத்தைத் தாமே இயற்றித் தொல்காப்பியர் தலையிற் கட்டினாரல்லர். மங்கிய முகிலுக்கு மெருகூட்டுதலும், இருண்ட கரையைச் சற்றுத் துலக்குதலும், வேண்டாத ஓரத்தை வெட்டுதலும் பாடத்தைத் திருத்துதல் போல்வன. யான் அவற்றைத் தடுப்பவன் அல்லேன். பிறிதோர் ஊர் வானத்தைக் கொணர்ந்து மண்டைதீவின் மேல் ஒட்டுதல் இடைச்செருகல்.

இடைச்செருகலைக் காட்டிக்கொடுக்க எம் கடனீரேரியே போதும். காற்றில்லா நேரத்து நீர் கண்ணாடி. மேலுள்ளதைக் கீழே காட்டும். கண்காட்சிக்கு வந்த படமொன்றில் வானம் செக்கச் சிவந்திருக்க, அதன் கீழ்க் கிடந்த நீரோ சாம்பல் நிறமாய் இருந்தது. வேறொன்றிலே சூரியன் இடப்புறம் மறைய, கொக்கின் மார்பு வலப்புறமிருந்து ஒளி பெற்றது. அனுப்பியவரின் பெயரை யான் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவும் இல்லை.

கறுத்த வானை உள்ளவாறு பதிப்பது கடினமும் அன்று. கமராவின் ஒரு பேதைமையை அறிந்திருந்தால் போதும். அதனுள் இருக்கும் ஒளிமானி, தன் முன்னுள்ளதெல்லாம் சராசரியில் நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எண்ணும். கரிய முகிலைக் காட்டினால் அதனை வெளுக்கச் செய்து சாம்பலாக்கும். சுண்ணாம்புச் சுவரைக் காட்டினால் இருட்டிச் சாம்பலாக்கும். சட்டம் முழுவதும் இடிமுகில் நிறைந்திருக்க நடுவில் ஒரு வெண்கொக்குப் பறக்கின்றது எனக் கொள்வோம். ஒளிமானியின் சொற்கேட்டால் முகில் பழைய சலவைத் துணிபோல் வெளிறும்; கொக்கின் இறகுகள் எல்லாம் அழிந்து வெள்ளைக் கறையொன்றே எஞ்சும். ஆதலால் ஒளியை ஒன்று முதல் இரண்டு ‘ஸ்டொப்’ வரை குறைத்தல் வேண்டும். ஒரு ஸ்டொப் குறைத்தல் என்பது ஒளியைச் சரிபாதியாக்குதல். கைத்தொலைபேசியில் எடுப்போர் திரையிலே கொக்கைத் தொட்டு, தோன்றும் ஒளிக்குறியைக் கீழே இழுத்தால் அதுவே நிகழும். நீர்க்காகம் வெண்முகிலின் முன் இருக்கும்போது நேர்மாறாகச் செய்க. அன்றி அதனைக் கருநிழலாகவே விடுவதாயின் ஒன்றும் செய்யவேண்டா. அதன் வளைந்த கழுத்தே போதிய அழகு.

இன்னொன்று. மாலையிற் பண்ணைத் தாம்போதியில் வரிசையாக நின்று மேற்கே நோக்கிப் படமெடுப்போரை நாளும் காண்கின்றோம். மழை விட்ட மாலைகளில் யான் அவர்களுக்கு முதுகைக் காட்டியே நிற்பேன். அவ்வேளை மேற்கில் முகில் சற்று விலக, சாய்ந்த வெயில் முகிலின் அடியால் நுழைந்து கிழக்கே பாயும். கிழக்கு வானம் இன்னும் கருநீலமாய் இடிமுகிலோடு நிற்க, அதன் முன்னே கூடு நோக்கிப் பறக்கும் கொக்கு ஒவ்வொன்றும் விளக்கேற்றினாற்போல் ஒளிரும். வானவில் தோன்றினாலும் அப்பக்கமே தோன்றும். ஐந்து நிமிடத்துக்கு மேல் அது நிலைப்பதில்லை. வானத்தில் மருட்கை என்னும் மெய்ப்பாட்டை யான் கண்டது அவ்வைந்து நிமிடங்களிலேதான்.

மற்றொரு மெய்ப்பாடாகிய அச்சத்தையும் மறத்தல் கூடாது. மின்னலைப் படம் பிடிக்கும் ஆசையால் வெட்டவெளியில் இரும்பு முக்காலியோடும் குடையோடும் நிற்கும் பிள்ளைகளைக் கண்டால் எனக்கு உடல் நடுங்கும். தட்டையான பரவைக்கரையிலே நிமிர்ந்து நிற்கும் ஒரே பொருள் நீயாக இருத்தல் நன்றன்று, தம்பி. மின்னலுக்கும் இடிக்கும் இடையே 3 விநாடிக்கு ஒரு கிலோமீற்றர் எனக் கணக்கிடுக. 30 விநாடிக்குள் இடி கேட்டால் வீட்டுக்குள்ளே செல்க. எமக்குக் காட்சியாய்த் தோன்றும் முகில் கடலிற் சென்றவர் வீட்டார்க்குக் காட்சி அன்று. 1964 டிசம்பர்ப் புயலை எம் பெற்றோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். 2025 நவம்பரில் ‘டித்வா’ப் புயல் நாடு முழுவதையும் வருத்தியதை எல்லாரும் அறிவோம். கமராவுக்கும் மாரி பகையே. உப்புக் காற்று இரும்பை அரிக்கும். தோற்பையிற் பூட்டி வைத்தால் வில்லையிற் பூஞ்சணம் படரும். கருவியை நன்றாகத் துடைத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாப் பெட்டியில் வைத்தல் நலம்.

இனிப் பறவைகள். வெளிநாட்டுப் பழைய மாணவர்கள் அனுப்பும் நீண்ட வில்லைகளைக் கண்டபின், 400, 600 மில்லிமீற்றர் வில்லை இல்லாதவன் பறவையைப் படமெடுத்தல் இயலாது என்னும் எண்ணம் எம் மாணவரிடையே வேரூன்றிவிட்டது. “எங்களிட்டை அந்த லென்ஸ் இல்லை, சேர்” என்பதே அவர்கள் வாய்ப்பாடு. அந்நீண்ட வில்லை தருவது யாது? சட்டம் முழுவதும் நிறைந்த ஒரு பறவை. கண்ணின் வளையமும் இறகின் கோடும் எண்ணத்தக்க தெளிவு. பின்னே பச்சையோ நீலமோ எனச் சொல்லவொண்ணாத ஒரு மங்கல். பறவையின் இனத்தை அறியும் ஆராய்ச்சிக்கு அது வேண்டியதே. ஆயினும் அது எந்த ஊர்ப் பறவை, எந்தப் பொழுது, மழையா வெயிலா என்பன அப்படத்தில் இல்லை. கூண்டுப் பறவையை எடுத்தாலும் அவ்வாறே இருக்கும்.

எம் முன்னோர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றனர். புள்ளும் விலங்கும் மரமும் அதன்பின் வரும் கருப்பொருள் என்றனர். வரிசையைக் கவனிக்க. நாரையும் அன்றிலும் நெய்தலுக்குரியன என்றால், நெய்தல் நிலமும் அதற்குரிய பொழுதும் முன்னே விரிந்த பின்னரே அப்புள் பாட்டினுள் நுழையும். நுழைந்ததும் தனிமையோ இரங்கலோ சொல்லாமலே தோன்றும். கருப்பொருளை மட்டும் பிடுங்கி எடுத்து நிறுத்தினால் அது பட்டியல், பாட்டாகாது. யான் தேடும் படமும் அத்தகையதே. சட்டத்தின் பெரும்பகுதி இடிமுகில். கீழே ஒரு விரற்கிடை நீர். அந்நீரிலே நெல்மணி அளவாய் ஒரு நாரை. அந்த நெல்மணி இல்லாவிடின் முகிலின் பெருமை தெரியாது. முகில் இல்லாவிடின் நாரையின் தனிமை தெரியாது. இதற்குச் சாதாரண வில்லை போதும், கைத்தொலைபேசியே போதும். இன்னும் முக்கியமாக, இதற்குப் பறவையை நெருங்க வேண்டியதே இல்லை.

இத்துறையிலே தமிழர் ஒருவரை நினைவுகூராது செல்லல் முறையன்று. ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன் (1912–1996) தென்னிந்தியக் காடுகளிற் காலால் நடந்தும் யானைமேல் அமர்ந்தும் விலங்குகளைக் கறுப்பு வெள்ளையிற் படமெடுத்தார். பல கருவிகளின் உறுப்புகளைப் பொருத்தித் தாமே அமைத்துக்கொண்ட கமராவையே ஆண்டார். 1950 தொடக்கம் தம் இறுதி நாள்வரை கல்கத்தாவின் ‘ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் இயற்கை பற்றி எழுதிவந்த அவர், தமிழிலும் எழுதினார். எம் நூலகத்தில் அவருடைய நூல் ஒன்றேனும் இருத்தல் வேண்டும். பழைய மாணவர் சங்கத்தார் இவ்வரியைக் கண்ணுறுவாராக.

இவ்வளவும் கூறுதற்கு எனக்குள்ள தகுதி யாதெனின், யான் செய்த ஒரு தவறே. சில ஆண்டுகளுக்கு முன் எம் கல்லூரியில் நிகழ்ந்த கண்காட்சி ஒன்றிலும் யான் நடுவருள் ஒருவனாய் இருந்தேன். கரிய முகிலின் கீழே பூநாரைகள் கூட்டமாய் ஒருசேர எழும் படமொன்று வந்தது. வெண்மையும் செம்மையும் கலந்த சிறகுகள் விரிய, அடிவானம் முழுவதும் அசைவதுபோல் இருந்தது. ஒருமனதாக முதற்பரிசு அளித்தோம். பரிசளிப்பில் யானே பேசினேன். அம்மாணவனின் பொறுமையை வியந்து பேசினேன் என்பது இப்போதும் என்னைச் சுடுகின்றது. விழா முடிந்தபின், எவ்வளவு நேரம் காத்திருந்தாய் எனக் கேட்டேன். ஒளிவு மறைவின்றிச் சொன்னான்: “காத்திருக்கேல்லை, சேர். அண்ணா கல்லொண்டு எறிஞ்சவர். எல்லாம் ஒண்டாய் எழும்பினது.”

அவன்மேற் குற்றம் இல்லை. அவ்வாறு செய்தல் தகாது என்று அவனுக்கு எவரும் சொன்னதில்லை, யானும் சொன்னதில்லை. படத்தை மீண்டும் பார்த்தேன். முதலிற் காணாதனவெல்லாம் அப்போது தெரிந்தன. எல்லாப் பறவையும் கமராவுக்குப் புறங்காட்டி ஒரே திசையில் ஓடுகின்றன. கழுத்துகள் விறைத்து நீண்டுள்ளன. பின்னே நிற்பன சில ஒன்றன்மேல் ஒன்று மோதுகின்றன. அச்சத்தின் இலக்கணம் முழுவதும் அதில் எழுதிக் கிடந்தது. மெய்ப்பாட்டியல் கற்பிக்கும் எனக்கு அதனை வாசிக்கத் தெரியவில்லை.

பூநாரை நினைத்தவுடன் எழக்கூடிய பறவை அன்று. இரண்டு முதல் நான்கு கிலோ எடையுள்ள அப்பறவை நீர்மேற் சில அடிகள் ஓடியே காற்றிலேறும். தலையைக் கவிழ்த்து அலகைத் தலைகீழாக நீரில் அமிழ்த்தி, சேற்று நீரை வடிகட்டி நுண்ணுயிர்களை உண்ணுதல் அதன் வழக்கம். ஆதலால் நாளின் பெரும்பொழுது உண்ணுதலிலேயே கழியும். எழுப்பப்படும் ஒவ்வொரு முறையும் உண்ட வலு செலவாகின்றது. உண்ணும் நேரமும் குறைகின்றது. தாராக்களுக்கும் உள்ளான்களுக்கும் இது இன்னும் கொடிது. பங்குனியளவிற் பல்லாயிரம் கிலோமீற்றர் வடக்கே திரும்பிப் பறக்க வேண்டிய அவை, அதற்கான கொழுப்பை எம் சேற்று நிலங்களிலேயே சேர்த்துக்கொள்ளல் வேண்டும். நம் படத்துக்காக ஒரு காலையில் நான்கு முறை எழுப்பினால் அவற்றின் வழிச்சோற்றைப் பறித்தவராவோம்.

அவை முன்னெச்சரிக்கை தராமலும் இல்லை. முதலில் உண்பதை விட்டுத் தலைகள் நிமிரும். அடுத்துக் கூட்டம் நெருங்கிச் சேரும். பின்பு மெல்ல நடந்து விலகும். அதன் பின்னரே பறக்கும். முதல் தலை நிமிர்ந்த இடத்தில் எம் கால் நின்றுவிட வேண்டும். ஆள்காட்டி கத்தினாலோ அதற்கு முன்னரே பிந்திவிட்டோம். தாம்போதி ஓரத்தில் வாகனத்தினுள் இருந்தபடி எடுத்தல் சாலச் சிறந்தது. நிமிர்ந்து நடக்கும் மனிதனை அஞ்சும் அளவுக்கு நின்ற வாகனத்தைப் பறவைகள் அஞ்சுவதில்லை. டிசம்பர் விடுமுறைக்கு வரும் பழைய மாணவர் சிலர் ஆளில்லாச் சிறு விமானத்தைக் கொணர்ந்து கூட்டத்தின் மேலே பறக்கவிடுகின்றனர். மேலிருந்து வட்டமிடும் எதுவும் அப்பறவைகளுக்குப் பிராந்தே. அன்புகொண்டு கல்லூரிக்கு வாரி வழங்கும் அவர்களை நோகச் செய்தல் என் நோக்கம் அன்று. ஆயினும் கல்லெறிந்த சிறுவனுக்கும் இவர்களுக்கும் கருவியின் விலையே வேறுபாடு.

என் கருத்தைக் கேட்ட நண்பர்கள் மறுப்புக் கூறினர். நாள்தோறும் வலைவீசுவோர் அப்பரவையில் நடக்கின்றாரே என்றார் ஒருவர். நடக்கின்றனர், தம் வழியே, ஒரே சீராக, பறவையை நோக்காமல் நடக்கின்றனர். பறவைகளும் அவர்களை அறிந்து சற்று ஒதுங்கி நிற்கின்றன. அன்றியும் அவர்கள் வயிற்றுக்காக இறங்குகின்றவர், நாம் சுவருக்காக. எம் பாட்டன்மார் துவக்கோடு போன இடத்துக்கு யாம் கமராவோடு போகின்றோம், இது முன்னேற்றம் அன்றோ என்றார் மற்றொருவர். முன்னேற்றமே, அதனை முழுமனதோடு ஒப்புகின்றேன்.

மூன்றாமவர் கூறியதே என்னைச் சிந்திக்க வைத்தது. அவர் என் வயதினர், உடன் கற்பித்தவர். “1990களில் ஒரு பற்றரிக்கே தடை. பிலிம் சுருளுக்கு எங்கே போனோம்? 2009 வரை கமராவைத் தோளிற் போட்டுக்கொண்டு கடற்கரைக்குப் போக யாருக்குத் துணிவிருந்தது? எங்கடை சின்ன வயதுப் படமே எங்களிட்டை இல்லை. இப்பதான் பிள்ளைகளுக்குக் கையிலை ஒன்று கிடைச்சிருக்கு, அதுக்குள்ளை நீர் சட்டம் போடுறீர்” என்றார். மறுமொழி கூற எனக்குச் சில நாட்கள் ஆயின. அவர் கூறிய யாவும் உண்மை. எம் தலைமுறையின் இருபது மாரிகள் படமின்றியே கழிந்தன. அந்த ஆண்டுகளில் சுண்டிக்குளத்தில் எத்தனை தாரா இறங்கின, ஆனையிறவில் வானம் எப்படி இருந்தது எனக் காட்ட எம்மிடம் ஒன்றுமே இல்லை. இனி எடுக்கப்படுவனவே எம் முதல் ஏடுகள் ஆகும். ஐம்பது ஆண்டுகளின் பின் எவரேனும் அவற்றைப் புரட்டும்போது, அங்கே காணும் வானம் அன்றிருந்த வானமாகவும், பறவை தானாக வந்து தானாக நின்ற பறவையாகவும் இருத்தல் வேண்டாவா? இதனை அவரிடம் கூறினேன். அவர் முழுவதும் ஒப்பவில்லை. தேநீர் மட்டும் வாங்கித் தந்தார்.

உலகப் புகழ்பெற்ற போட்டிகளும் இவ்வகையில் ஏமாந்தே தெளிந்தன. லண்டன் இயற்கை வரலாற்று அரும்பொருட்சாலை சார்பில் நிகழும் காட்டுயிர் நிழற்படப் போட்டியில் 2009ஆம் ஆண்டின் முதற்பரிசு, படத்தில் வேலி தாண்டிய ஓநாய் பழக்கப்பட்டதாயிருக்கலாம் எனக் கண்டு 2010இல் மீளப்பெறப்பட்டது. 2017இல் பரிசு பெற்ற எறும்புதின்னி பஞ்சடைத்த தோல் என்று நடுவர் முடிவு செய்ததால் 2018இல் அப்பரிசும் நீங்கியது. அப்படம் பரிசு பெற்றது தம் சூழலில் வாழும் விலங்குகள் என்னும் பிரிவிலே!

ஆதலின் யூபிலிக் கண்காட்சிக்கு யான் தெரிவுக்குழுவின் முன் வைத்திருக்கும் வேண்டுகோள் சிறிது. ஒவ்வொரு படத்தின் கீழும் எடுத்தவர் தம் கையெழுத்திலே மூன்று செய்தி எழுதுதல் வேண்டும்: எடுத்த இடம், மாதமும் பொழுதும், படம் எடுக்குமுன் அப்பறவை என் செய்துகொண்டிருந்தது என்பது. வானம் வேறிடத்து வானமாயின் அதனையும் எழுதுக. அத்தகைய படங்களைத் தனிச்சுவரில் வைப்போம், தள்ளமாட்டோம். கூட்டில் இருக்கும் பறவையின் படம் மட்டும் எச்சுவரிலும் இடம்பெறாது. இங்கிலாந்திலே எரிக் ஹொஸ்கிங் என்னும் பறவைப் படப்பிடிப்பாளர் 1937ஆம் ஆண்டிற் கூட்டருகே ஆந்தையிடம் ஒரு கண்ணையே இழந்தார். எம் நாட்டு ஆட்காட்டிக்கு அவ்வளவு வலிமை இல்லை. குழுவினருள் இருவர் இசைந்துள்ளனர்; ஒருவர் எண்ணிச் சொல்வதாக இருக்கின்றார்.

முன்னர்ப் பரிசு பெற்ற அந்தப் பூநாரைப் படம் இன்னும் விஞ்ஞான ஆய்வுகூடத்துக்குச் செல்லும் நடைபாதைச் சுவரிலே தொங்குகின்றது. அதனைக் கழற்றிவிடலாமா என அதிபர் அவர்கள் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். அம்மாணவன் இப்போது பல்கலைக்கழகத்தில் இருக்கின்றான். செய்தியை எழுதிக் கேட்டேன். மறுநாளே மறுமொழி வந்தது. அவன் அனுப்பிய வரியை வெள்ளை அட்டையில் எழுதிப் படத்தின் கீழே ஒட்டியுள்ளோம்: “கார்த்திகை மாதம், மாலை 4.30 மணி. உண்டுகொண்டிருந்தன. கல்லெறிந்து எழுப்பினோம்.”